சீனாவுக்கான எஸ்யூவியை எங்கே செய்வது: கப்பலில் ஏற்றவா, அங்கேயே ஆலை போடவா?

சீனாவில் ஒரு பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 முன்னால் போனால் அதன் பின்கதவைக் கவனியுங்கள். நான்கு சீன எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது நாட்டின் வடகிழக்கில், ஷென்யாங் நகரத்தில் செய்த வண்டி. 'ஹுவாசென் பாவ்மா' என்று அதைப் படிக்க வேண்டும். ஹுவாசென் என்பது உள்ளூர்க் கூட்டாளி, பாவ்மா என்பது பி.எம்.டபிள்யூவுக்குச் சீனர்கள் வைத்த பெயர். எழுத்துகள் இல்லையென்றால் அநேகமாக அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஸ்பார்டன்பர்க் ஆலையில் செய்து கப்பலில் வந்தது. அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்நாட்டில் செய்த வண்டி என்று தெரியக் கூடாது என்பதற்காக அந்த எழுத்துகளைக் கழற்றிவிடுகிறவர்கள் அங்கே உண்டு. அப்படிக் கழற்றினாலும் சேசிஸ் நம்பர் சொல்லிவிடும்: சீனாவில் செய்த வண்டியின் நம்பர் 'எல்' எழுத்தில் தொடங்கும்.

ஒரே பெயர், ஒரே முகம், இரண்டு ஊர். இதற்குப் பின்னால் இருக்கும் கேள்வியைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் சீனாவில் விற்க ஒரு எஸ்யூவி இருக்கிறது. அதை எங்கே செய்வது? சொந்த நாட்டில் செய்து அனுப்பலாம். சீனக் கூட்டாளியோடு சேர்ந்து அங்கே ஆலை போடலாம். கூட்டாளி இல்லாமல் தனியாகவே போடலாம். இந்த மூன்று வழியிலும் போனவர்கள் இருக்கிறார்கள், ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள், அடிபட்டவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் வரிக் கணக்கு

எல்லோரும் தொடங்கும் இடம் இறக்குமதி வரி. நானும் அங்கேயே தொடங்குகிறேன். ஆனால் முடிவு அங்கே இல்லை என்பது என் எண்ணம்.

சீனா 2018 ஜூலை 1 முதல் கார்களுக்கான இறக்குமதி வரியை 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறக்கியது. உதிரிபாகங்களுக்கு 6 சதவீதம். இதற்கு மேல் நுகர்வு வரி; அது என்ஜின் அளவைப் பொறுத்தது. ஒன்றரை லிட்டருக்கு மேல் 2 லிட்டர் வரை 5 சதவீதம். இரண்டரைக்கு மேல் 3 லிட்டர் வரை 12. அதைத் தாண்டி 4 லிட்டர் வரை 25. 4 லிட்டரையும் தாண்டினால் 40. கடைசியில் 13 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி.

கையால் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் 4 லட்சம் யுவான் மதிப்போடு 3 லிட்டர் என்ஜின் வண்டி ஒன்று இறங்குகிறது. 15 சதவீதம் சேர்ந்தால் 4.6 லட்சம். நுகர்வு வரியைத் தன்னையும் சேர்த்த விலையில் கணக்கிடுவார்கள் என்பதால் 4.6 லட்சத்தை 0.88ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 5 லட்சத்து 23 ஆயிரம். வாட்டும் சேர்ந்தால் 5 லட்சத்து 91 ஆயிரம். இதே மதிப்புள்ள வண்டியை உள்நாட்டிலேயே செய்து சுங்கம் இல்லாமல் விற்றால் 5 லட்சத்து 14 ஆயிரம். வித்தியாசம் 77 ஆயிரம் யுவான்.

பெரிய தொகைதான். ஆனால் இதே வண்டியில் 4 லிட்டர் வி8 என்ஜினை வைத்தால் இறக்குமதி வண்டி 6 லட்சத்து 93 ஆயிரத்துக்குப் போகிறது. உள்நாட்டில் செய்தாலும் 6 லட்சத்துக்குக் குறையாது. என்ஜின் வரிக்கு ஊர் கிடையாது, எங்கே செய்தாலும் கட்டியாக வேண்டும். பெரிய என்ஜின் வண்டிக்காக ஆலை போடுகிறவருக்கு அந்த விகிதம் குறையவே குறையாது. இது பலர் தவறவிடும் இடம்.

அப்புறம், 15 சதவீதம் எப்போதும் 15 ஆகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வரியை இறக்கிய அதே ஜூலையில், ஒரு வாரம்கூட ஆகாமல், வர்த்தகச் சண்டையில் அமெரிக்காவில் செய்த கார்களுக்கு மட்டும் சீனா 40 சதவீதம் போட்டது. நம் கணக்கு வண்டி அந்த விகிதத்தில் 7 லட்சத்து 19 ஆயிரத்துக்கு ஏறிவிடும். பி.எம்.டபிள்யூ ஜெர்மன் கம்பெனிதான், ஆனால் எக்ஸ்5 வருவது ஸ்பார்டன்பர்க்கிலிருந்து. சுங்கச் சாவடிக்குக் கம்பெனியின் குலம் கோத்திரம் தேவையில்லை, வண்டி பிறந்த ஊர்தான் கணக்கு. அந்த மாதக் கடைசியில் எக்ஸ்5, எக்ஸ்6 இரண்டின் சீன விலையையும் 4 முதல் 7 சதவீதம் ஏற்றினார்கள். மீதிச் சுமையைக் கம்பெனி தாங்கியது. 2019 ஜனவரியில் அந்தக் கூடுதல் வரி நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அந்த ஐந்தாறு மாதம் கற்றுக்கொடுத்தது எளிதில் மறக்கக்கூடியது இல்லை.

ஷென்யாங்: பின் சீட்டுக்காக நீட்டிய வண்டி

பி.எம்.டபிள்யூ 2003லேயே ஷென்யாங்கில் கூட்டு நிறுவனம் தொடங்கிவிட்டது. அப்போது வேறு வழி கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி கார் ஆலையில் பாதிப் பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 1994ல் வந்த விதி. மின்சார வண்டிகளுக்கு 2018ல் அதைத் தளர்த்தினார்கள், மற்ற பயணிகள் கார்களுக்கு 2022ல். தளர்ந்த உடனே, 2022 பிப்ரவரியில், சுமார் 370 கோடி யூரோ கொடுத்துத் தன் பங்கை 75 சதவீதமாக ஏற்றிக்கொண்டது பி.எம்.டபிள்யூ. அடுத்த சில வாரங்களிலேயே ஷென்யாங் எக்ஸ்5 வெளியே வந்தது. அதற்கு முன் 2018லிருந்தே எக்ஸ்3 அங்கே, தாடோங் ஆலையில், ஓடிக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த எக்ஸ்5இன் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம். அமெரிக்காவில் செய்வது 2,975 மில்லிமீட்டர். ஷென்யாங்கில் செய்வது 3,105. இந்த 130 மில்லிமீட்டரும் போனது பின் சீட்டுக்கு. சீனாவில் இந்த விலைக்கு வண்டி வாங்குகிற குடும்பத்தில் பின்னால் உட்காருகிறவர்கள் தாத்தா, பாட்டி, அல்லது தொழிலில் வேண்டப்பட்ட விருந்தாளி. அவர்கள் காலை நீட்டி உட்கார வேண்டும். ஆடி க்யூ5, மெர்சிடிஸ் ஜி.எல்.சி இரண்டையும் சீனாவில் இப்படித்தான் நீட்டிச் செய்கிறார்கள்.

சீனாவுக்கு மட்டும் ஒரு நீளமான உடலை ஸ்பார்டன்பர்க்கில் செய்து அனுப்பலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் உலகத்துக்கே எஸ்யூவி அனுப்பும் ஆலையில் ஒரு நாட்டுக்காகத் தனி அச்சு, தனிக் கதவு, தனிக் கூரை என்று போனால் வேலை தடுமாறும். வாங்குகிறவர் பக்கத்தில் ஆலை இருந்தால் வண்டியை அவருக்கேற்றபடி மாற்றுவது நியாயமான செலவில் நடக்கும். உள்ளூரில் செய்வதன் உண்மையான லாபம் இது என்று நான் நம்புகிறேன். 77 ஆயிரம் யுவான் அடுத்த இடத்தில்தான் வரும்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இதே பி.எம்.டபிள்யூ 2007லிருந்து வண்டி பூட்டுகிறது. அது பெரும்பாலும் பெட்டியில் வரும் பாகங்களை இறக்கிப் பொருத்தும் வேலை. ஷென்யாங் அந்த வகை இல்லை. தகடு அழுத்துவது, பற்றவைப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அங்கேயே. சீனாவில் பெட்டி வேலைக்குப் பழைய வில்லங்கம் ஒன்றும் இருக்கிறது. பாகங்களாகக் கொண்டுவந்து வரியைத் தவிர்க்கிறார்கள் என்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாகம் இறக்கினால் முழுக் காரின் வரியைக் கட்ட வேண்டும் என 2005ல் சீனா விதி போட்டது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் கனடாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2008ல் சீனா அந்த வழக்கில் தோற்றது.

போர்ஷேயின் பிடிவாதம்

போர்ஷேயின் பெரிய எஸ்யூவியான கய்யென் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் உருவாகிறது, சிறியதான மகான் ஜெர்மனியின் லைப்சிக்கில். சீனாவில் போர்ஷே கார் ஆலை எதுவும் கிடையாது. 2021ல் சீனாவில் மட்டும் 95,671 வண்டிகள் கொடுத்தார்கள்; அப்போது சீனாதான் அவர்களுடைய மிகப்பெரிய சந்தை. அத்தனை விற்றபோதும் அங்கே ஆலை போடவில்லை. ஐரோப்பாவில் செய்தது என்பதே பொருளின் பாதி என்று அவர்கள் கருதினார்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் 'ஃபாரின் சாமான்' என்றால் இருந்த மதிப்பு சீனாவில் இந்த ரகக் கார்களுக்கு இருந்தது. ஷோரூமிலேயே இறக்குமதியா, உள்நாடா என்பதுதான் பலர் கேட்ட முதல் கேள்வி.

ஆனால் கொள்கைக்காக மட்டும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2022ல் மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் நகரத்தில், உள்ளூர்ச் சந்தைக்காகக் கய்யென் பூட்டத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே பூட்டிய முதல் இடம் அது. முழுவதுமாகச் செய்து இறக்கும் காருக்கு மலேசியாவில் வரி கடுமை, அதனால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. சீனாவின் 15 சதவீதம் அந்த அளவுக்கு நெருக்கவில்லை.

2024ல் அதே சீனாவில் போர்ஷே விற்றது 56,887. மூன்றே வருடத்தில் நாற்பது சதவீதம் இறக்கம். ஆலை இல்லாததால்தான் விழுந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. உள்ளூரிலேயே ஆலை வைத்திருந்த வெளிநாட்டுப் பெயர்கள் பலவும் அந்த வருடங்களில் சரிந்தன. உள்ளூர் மின்சார வண்டிகள் பெரிய திரையும் நல்ல மென்பொருளும் வைத்துப் பாதி விலையில் வந்ததுதான் காரணம். யோசித்துப் பாருங்கள், ஒரு லட்சம் வண்டியை நம்பி 2021ல் ஆலை போட்டிருந்தால் இன்று அதில் பாதி சும்மா நிற்கும். ஆலை போடாதது அவர்களுக்குப் பாதுகாப்பாகவே முடிந்தது.

இறக்குமதிக்கு வரி தவிர இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டிகள் துறைமுகத்தில் கும்பலாக நிற்கும். 2015 ஆகஸ்ட் 12 இரவு தியான்ஜின் துறைமுகத்தில் ரசாயனக் கிடங்கு வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். பக்கத்து யார்டுகளில் நின்ற ஆயிரக்கணக்கான புது இறக்குமதிக் கார்கள் எரிந்தன. ஜாகுவார் லேண்ட் ரோவருக்கு மட்டும் சுமார் 5,800 வண்டிகள் சிக்கின.

ஜீப்: ஆலை இருந்தும் போனது

இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஜீப். சீனாவின் முதல் கார்க் கூட்டு நிறுவனமே ஜீப்தான். 1983ல் கையெழுத்தாகி 1984ல் 'பெய்ஜிங் ஜீப்' தொடங்கியது. 1985ல் அமெரிக்கப் பெட்டிகளைப் பிரித்துச் செரோக்கி பூட்டினார்கள். அடுத்த வருடமே பாகம் வாங்க டாலர் இல்லாமல் வேலை நின்றது. அதையும் சமாளித்து, அந்தச் செரோக்கி பல வருடம் சீனச் சாலையில் எஸ்யூவி என்பதற்கே மறுபெயராக ஓடியது.

இரண்டாவது சுற்றில் ஜீப் குவாங்ஜோ ஆட்டோமொபைல் குழுமத்தோடு சேர்ந்தது. 2015ல் சாங்ஷாவில் செரோக்கி, 2016ல் குவாங்ஜோவில் ரெனிகேட். 2017ல் இந்தக் கூட்டு 2 லட்சத்துக்கு மேல் விற்றது. 2021ல் அது சுமார் 20 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. 2022 ஜனவரியில் ஜீப்பின் தாய்க் கம்பெனி ஸ்டெல்லான்டிஸ் தன் பங்கை 75 சதவீதமாக ஏற்றப்போவதாக அறிவித்தது. கூட்டாளி அதை வெளிப்படையாகவே மறுத்தார். ஜூலையில் பிரிவு, அக்டோபரில் திவால் மனு.

இங்கே வரி பிரச்சினையே இல்லை, எல்லாம் உள்ளூரில் செய்த வண்டி. தரத்தைப் பற்றி வந்த புகார்களும், பழையதாகிக்கொண்டே போன மாடல்களும், இரண்டு கூட்டாளிகளுக்குள் ஒத்துப்போகாததும் சேர்ந்து முடித்தன. உள்ளூர் ஆலை விலையைக் குறைக்கும், வண்டியைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும். வாங்குகிறவருக்குப் பிடிக்காத வண்டியை விற்றுத் தராது. இறக்குமதி செய்கிறவருக்கு விற்பனை விழுந்தால் கப்பலைக் குறைத்துக்கொள்ளலாம். ஆலை வைத்திருப்பவருக்கு வெறும் கட்டடமும் சம்பளமும் கடனும் நிற்கும்.

டாடாவின் கையில் இருக்கும் லேண்ட் ரோவர் இரண்டு வழியையும் ஒன்றாக வைத்துக்கொண்டது. சிறிய இவோக், டிஸ்கவரி ஸ்போர்ட் இரண்டும் சீனாவின் செரி கம்பெனியோடு சேர்ந்து 2014ல் திறந்த சாங்ஷு ஆலையில். பெரிய ரேஞ்ச் ரோவர் இங்கிலாந்தின் சோலிஹல்லிலிருந்தும், டிஃபெண்டர் ஸ்லோவாக்கியாவின் நிட்ராவிலிருந்தும் கப்பலில். சிறியதை உள்ளே செய், பெரியதை வெளியே செய் என்பது நியாயமான பிரிவினைதான். 2024ல் செய்த ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஃப்ரீலேண்டர் என்ற பழைய பெயரை மட்டும் கொடுத்து, செரியின் மின்சார அடித்தளத்தில் சாங்ஷுவிலேயே வண்டி செய்வது. பெயர் மட்டும் வெளிநாடு, மற்றதெல்லாம் உள்நாடு.

தனியாகப் போவது

பாதிப் பங்கு விதி தளர்ந்ததும் கூட்டாளி இல்லாமல் உள்ளே போன முதல் கார்க் கம்பெனி டெஸ்லா. 2019 ஜனவரியில் ஷாங்காயின் லிங்காங்கில் வெறும் வயலில் பூமி பூஜை போட்டதுபோல் வேலை தொடங்கியது, அந்த வருடக் கடைசியிலேயே கார் வெளியே வந்தது. மாடல் ஒய் எஸ்யூவி 2021 ஜனவரியிலிருந்து. 2023ல் சீனாவில் வேறெந்த எஸ்யூவியும் அந்த அளவுக்கு விற்கவில்லை.

ஒரே கம்பெனியில் இரண்டு வழியையும் ஒப்பிட இங்கே நல்ல வசதி இருக்கிறது. மாடல் ஒய் ஷாங்காயில் செய்தது. பெரிய மாடல் எக்ஸ் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலிருந்து வந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கப் பொருள்களுக்குச் சீனா போட்ட கூடுதல் வரி 125 சதவீதம் வரை ஏறியபோது சீனாவில் மாடல் எக்ஸுக்குப் புது ஆர்டர் எடுப்பதையே நிறுத்தினார்கள். மாடல் ஒய் வழக்கம்போல் விற்றது. மே மாதத்தில் வரி வெகுவாக இறங்கினாலும், நாலு வாரத்தில் எவ்வளவு மாறும் என்று பார்த்துவிட்டோம்.

அதைவிட எனக்கு ஆச்சரியம் லெக்சஸ். பல வருடம் ஒரு வண்டியைக்கூட சீனாவில் செய்யாமல், ஆர்.எக்ஸ், என்.எக்ஸ் எஸ்யூவிகளை ஜப்பானின் கியூஷு தீவிலிருந்து அனுப்பியே பெயர் எடுத்தவர்கள். கியூஷுவிலிருந்து ஷாங்காய் பக்கம்தான். ஐரோப்பியக் கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும் தூரம் இவர்களுக்குச் சில நாள். அப்படிப்பட்டவர்கள் 2025 பிப்ரவரியில் ஷாங்காயின் ஜின்ஷானில் சொந்த மின்சார வண்டி ஆலை போடுவதாக அறிவித்தார்கள். 2027ல் தொடங்கத் திட்டம், ஆண்டுக்கு ஒரு லட்சம் வண்டிகள், கூட்டாளி கிடையாது. பேட்டரியும் மென்பொருளும் அதைச் செய்கிற ஆட்களும் சீனாவில் இருக்கும்போது மின்சார வண்டியை வெளியே செய்து உள்ளே கொண்டுவருவதற்கு அர்த்தமில்லை என்பதே நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம்.

சரி, சீனாவில் போட்ட ஆலையிலிருந்து வெளியே அனுப்பலாமா? பி.எம்.டபிள்யூ முதல் ஐஎக்ஸ்3ஐ 2020லிருந்து ஷென்யாங்கில் மட்டும் செய்து ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவில் செய்த மின்சாரக் கார்களுக்கு ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல் வரி போட்டபோது பி.எம்.டபிள்யூவுக்கு விழுந்தது 20.7 சதவீதம். புது ஐஎக்ஸ்3 ஐரோப்பாவுக்கு ஹங்கேரியின் டெப்ரெட்சனில் உருவாகிறது. சீனாவுக்கான நீள வண்டி ஷென்யாங்கில். ஏற்றுமதியை நம்பிச் சீன ஆலையின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது.

என் தீர்ப்பு

3 லட்சம் யுவான் சுற்றிலும் விற்கும் நடுத்தர எஸ்யூவிக்கு யோசிக்கவே வேண்டாம், சீனாவில்தான் செய்ய வேண்டும். அந்த விலையில் உள்ளூர்ப் போட்டி அவ்வளவு கடுமை; சுங்கத்தையும் கப்பல் கூலியையும் சுமந்துகொண்டு அங்கே நிற்க முடியாது. 10 லட்சத்துக்கு மேல் விற்கும் பெரிய என்ஜின் வண்டிக்கு இறக்குமதியே போதும். எண்ணிக்கை குறைவு, என்ஜின் வரி எப்படியும் உண்டு. பி.எம்.டபிள்யூ எக்ஸ்5ஐ ஷென்யாங்குக்குக் கொண்டுபோன பிறகும் எக்ஸ்7ஐ ஸ்பார்டன்பர்க்கிலிருந்தே அனுப்பிவருகிறது.

சிக்கல் நடுவில் இருக்கும் 6 முதல் 10 லட்சம் யுவான் ரகத்தில், அதாவது எக்ஸ்5, கய்யென் நிற்கும் இடத்தில். ஐந்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் எக்ஸ்5 வழியைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். இன்று ஒரு நிபந்தனையோடுதான் சொல்வேன்: பக்கத்தில் வேறு வண்டிகளுக்காக ஏற்கெனவே ஆலை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும். பி.எம்.டபிள்யூவுக்கு எக்ஸ்3 ஓடிய தாடோங் ஆலை கையில் இருந்தது, எக்ஸ்5 அதில் இன்னொரு வண்டி, அவ்வளவுதான். போர்ஷேவுக்கு ஒரு கய்யெனுக்காக வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பெட்ரோல் வண்டியின் பங்கு வருடா வருடம் சுருங்கும் சந்தையில் அதற்குப் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிராட்டிஸ்லாவாவிலிருந்தே வரட்டும். மின்சாரக் கய்யெனின் கேள்வி வேறு. அதற்கும் ஆலை வேண்டாம், ஆனால் அதன் திரையையும் மென்பொருளையும் சீனாவில் உட்கார்ந்து, அங்கே வாங்குகிறவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். வண்டி கப்பலில் வரலாம், உள்ளே இருக்கும் மூளை போர்ஷேயின் சொந்த ஊரான ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தால் விற்காது.